மறந்துபோன கையுறை

அன்புள்ள மருமகளுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரிகூட வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடுகிறேன். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு, அந்தக் குளிரில், அவ்வளவு கோபத்தோடு ரயில் ஏறினாய்.

ஞாயிற்றுக்கிழமை நீயும் டெரிக்கும் மலைப்பாதையில் நடக்கக் கிளம்பினீர்கள். கேட்டைத் தாண்டியதும் நீ கையுறைக்காகத் திரும்பி ஓடிவந்தாய். உன் மாமனார் வாசலை மறித்துக்கொண்டு, "உள்ள வராத! மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்" என்று கத்தினார். உன்னைப் பிடிக்காமல்தான் கதவைச் சாத்தினார் என்று நினைத்துவிட்டாய்.

சுரங்கத்து வீடுகளில் அப்படித்தான் அம்மா. வேலைக்குக் கிளம்பியவன் எதையாவது மறந்து திரும்பி வந்தால் அன்றைக்குச் சுரங்கத்தில் இறங்கமாட்டான். கூலி போனாலும் வீட்டிலேயே கிடப்பான். டெரிக்கின் அண்ணன், என் மூத்தவன் கிளைவுக்கு இதெல்லாம் சிரிப்பு. ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து திரும்பி வந்தான். "போப்பா, நீயும் உன் பயமும்!" என்று அப்பாவைக் கேலி பண்ணிவிட்டு, டப்பாவோடு ஓடினான்.

புல் மூடிய மேடு அழகாயிருக்கிறது என்று நீ படம் எடுத்தாயே, அதற்கு அடியில்தான் அந்தச் சுரங்கம்; அந்தப் பக்கம் உன் மாமனார் அதற்குப் பிறகு கால் வைத்ததில்லை. கிளைவ் இறங்கிய அன்று சாயங்காலம் டப்பாவை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூடி திறக்காமலே இருந்தது.

சரி, விடு. வழுக்கும் தரையில் பார்த்து நட.

இன்று காலை உன் கையுறையைத் தபாலில் அனுப்ப எடுத்தேன். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"அனுப்பாத. அவளே திரும்பி வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

வருவாய்தானே?

உன் மாமியார்