நங்கூரக் கயிறு

10.02.2025 திங்கள்

என் மனுசன் போன துடக்கு வீடு. மீன்சட்டி கவிழ்த்தபடி கிடக்கிறது. இன்றைக்கும் பருப்பும் சோறும்தான்.

செந்தூரன் விடியவே சுவரில் தலையை இடிக்கத் தொடங்கிவிட்டான். தலையணையை நடுவில் பிடித்தேன். பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி இடித்தான். நெற்றி வெடித்து இரத்தம். இருபத்திரண்டு வயது, தகப்பனின் தோள். நான் எங்கே பிடிக்கிறது?

அவன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இன்னும் காயவில்லை. செத்தவீட்டன்று இவரைத் தூக்கும்போது வெடி கொளுத்தினார்கள். பிள்ளைக்குக் குக்கர் விசிலே தாங்காது. ஓடிப்போய், வெடி கொளுத்திக்கொண்டு நின்ற என் அண்ணையின் வாயில் குத்தினான். முன்பல் விழுந்தது. நாலு பேர் அமத்த, அண்ணை எங்கள் வள்ளத்து நங்கூரக் கயிற்றால் அவனைப் பூவரசோடு சேர்த்துக் கட்டினார். தகப்பனைக் கொண்டுபோனதை அவன் மரத்தோடு நின்றபடிதான் பார்த்தான். ஒரு பக்கம் பாடை, ஒரு பக்கம் மரம். நான் எந்தப் பக்கம் ஓடுறது?

13.02.2025

விரல் முறிந்தது. என்ரை சின்னவிரல்.

14.02.2025

இடக்கையால் பேனையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று அண்ணையின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் செந்தூரன் அறைக்குள் ஓடிக் கதவை அடித்துச் சாத்தினான். நான் நடுவில் நின்று மறித்தேன். விரல் கதவுக்குள்.

அண்ணை வாசலில் நின்றே சொன்னார்: “முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உவனுக்கு மொட்டை அடிக்க வேணும். ஒரே ஆம்பிளைப்பிள்ளை. மச்சான் கரைசேர வேண்டாமோ? கட்டித்தான் அடிக்க வேணும். பிறகு ஒரு இல்லத்திலை விடுவம், நான் கதைச்சிட்டன்.”

யாரைக் கேட்டுக் கதைச்சவர்? இவர் கடலில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஒரு சொல் சொல்லாமல் போனார். இப்போது எல்லாரும் அவருக்காகக் கதைக்கிறார்கள்.

18.02.2025 செவ்வாய்

ஆஸ்பத்திரியில் விரலைக் கட்டியவர்கள் விசாரித்து, உளநலப் பகுதியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். பெயர் நிரோஜா. ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கை நிறையக் காப்பு, சென்ட் மணம். செந்தூரன் அவளின் ஹெல்மெட்டைப் பறித்துக் கிணற்றுக்குள் எறிந்தான்.

“நல்ல காலம், ஸ்கூட்டியைத் தூக்கேல்லை,” என்று சிரித்தாள்.

குளிசை கொண்டுவந்திருப்பாள், ஆள் அடங்கிக் கிடப்பான் என்று நினைத்திருந்தேன். “இவரை மாத்த நான் வரேல்லை அம்மா. இவருக்கு எது நோகுதெண்டு பாப்பம்,” என்கிறாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நோகுதோ? இஞ்சை பார் பிள்ளை என்ரை கையை!”

கையைப் பிடித்துப் பார்த்தாள். “இதுவும் நோகும்தான். நீங்கள் கடைசியா எப்ப அம்மா நித்திரை கொண்டனீங்கள்?”

 ‘உவன்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வீடு. அவள் ‘இவர்’ என்கிறாள்.

22.02.2025

நிரோஜா இன்று ஒழுங்கை முகப்பிலேயே ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்து வந்தாள். காப்பு இல்லை, சென்ட் இல்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் இருந்தாள். முகத்தைப் பார் என்று ஒருதரமும் சொல்லவில்லை.

அண்ணைக்கு அடித்ததைச் சொன்னேன். பேய் என்று சனம் கதைப்பதையும் சொன்னேன்.

“பேயில்லை, ஓட்டிசம். உங்களுக்கு முதலே தெரியும். அண்டைக்கு முதல் அடி அந்த வெடிதான் அடிச்சது. இவர் திருப்பி அடிச்சவர்.”

பிள்ளைக்கு வாய்ப்பேச்சு இல்லை, பசித்தால் கோப்பையைக் கொண்டுவருவான், குளிக்க வேண்டுமென்றால் துவாயை என்றேன். அதெல்லாம் அவரின் பேச்சுதான் என்றாள். பிறகு கேட்டாள்: “அப்பாவைத் தேடினால் என்ன கொண்டு வருவார்?”

ஐயோ.

செத்தவீட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இவரின் கடல் மழைக்கோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போடுகிறான். நான் எடுத்து ஆணியில் கொழுவிவிடுகிறேன். அதன்பிறகுதான் சுவரில் இடிக்கிறான். அவன் கேட்டுக்கொண்டே நிண்டிருக்கிறான். நான் கோட்டைக் கொழுவிக் கொழுவி வைச்சிருக்கிறன்.

01.03.2025

சாம்பல் கரைத்த இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னாள் நிரோஜா. போனோம், கோட்டோடு. “அப்பா இஞ்சைதான் அப்பன். இனி வரமாட்டார்,” என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் நெஞ்சில் குத்தினான். தோளைக் கடித்தான். நான் மணலில் விழுந்து மணலை அடித்தேன். இவர் போனதிலிருந்து அடைத்துக் கிடந்தது அப்போதுதான் வந்தது. இரண்டு பேரும் மிருகம் மாதிரிக் கத்தினோம். வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த சனம் எழும்பிப் பார்த்தது. பாக்கட்டும்.

04.03.2025

அந்தியேட்டி.

விடிய அண்ணை வந்தார். முடிவெட்டுகிறவர் ஒருத்தர், இரண்டு பெடியங்கள், தோளில் அதே கயிறு. நான் குசினிக்குள் போய் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தேன்.

“கயிறைக் கீழை போடண்ணை.”

“விசரி! மச்சான்ரை கடன் கழியவேண்டாமோ?”

“சந்நிதி முருகன் கோயிலிலை எங்கடை ஆக்கள் வாயைத் துணியாலை கட்டித்தானே பூசை செய்யினம்? ஒரு மந்திரமும் இல்லை. முருகன் ஏற்கேல்லையோ? என்ரை பிள்ளை மொட்டை இல்லாமல் செய்தால் தேப்பன் ஏற்பார்.”

கன்னத்தில் அறைந்தார். கண் இருட்டியது. செந்தூரன் வள்ளம் வலிக்கிற சவளோடு பாய்ந்து வந்தான். குறுக்கே விழுந்தேன், அடி என் முதுகில். விழுந்த இடத்திலேயே கயிற்றை இழுத்து வெட்டினேன். வெட்டி வெட்டித் துண்டாக்கினேன். கை இரத்தம்.

“போ! மோட்டார்சைக்கிளை ஸ்டாட் பண்ணாதை, உருட்டிக்கொண்டு போ!”

அண்ணை உருட்டிக்கொண்டு போனார். மற்றவர்களும் பின்னால்.

கடற்கரையில் நாங்கள் இரண்டு பேரும் ஐயரும்தான். செந்தூரனின் காதில் மரம் அரிகிற ஆக்கள் போடுகிற காதுமூடி, நிரோஜா தேடித் தந்தது. ஐயர் அவன் விரலில் தர்ப்பை போடப் போனார். அவன் கையை இழுத்துக்கொண்டான். ஐயர் ஒன்றும் சொல்லாமல் என் விரலில் போட்டார், முறிந்த விரலுக்குப் பக்கத்து விரலில். பிண்டத்தை அவன்தான் கடலில் விட்டான். பிறகு கோட்டையும் விட்டான். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. எடுத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

17.03.2025

இன்றும் கடித்தான். பக்கத்து வளவில் கிணறு வெட்ட மெஷின் போட்டிருக்கிறார்கள். முதலே விசாரிக்காமல் விட்டேன். நாளைக்கு அவனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

13.04.2025 ஞாயிறு

நாளைக்கு வருசப்பிறப்பு. எங்களுக்கு இல்லை.

பின்னேரம் படலையில் யாரோ மூசி மூச்சு வாங்குகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அண்ணை. ஒழுங்கை முகப்பிலேயே மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி, மணலுக்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வேர்த்து ஒழுகியது. ஹான்டிலில் பாரைமீன் ஒரு பை.

“உவன்... செந்தூரன் படுக்கிறானோ?” பல் இல்லாத இடத்தால் காற்றுப் போனது.

செந்தூரன் அவரைக் கண்டான். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டி போட்டான். இந்தமுறை நான் நடுவில் போகவில்லை.

அண்ணை கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் குந்தினார். நான் இவ்வளவு நாளும் கவிழ்ந்து கிடந்த மீன்சட்டியை நிமிர்த்தினேன்.