வாசலில் வரைந்த குழி

அன்புள்ள அப்பா,

சாமராஜநகரில் சௌக்கியமா? இங்கே நான் வாசலில் கோலமாவும் கரித்தூளும் தேய்த்து, நிழல் கொடுத்து, ஆழமான குழி ஒன்று வரைந்தேன். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அத்தை, "அய்யய்யோ, பள்ளம்டா!" என்று அலறித் தாண்டினார். தபால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்.

அம்மா மட்டும் நடுக்குழியில் கால் வைத்து நேராக நடந்தாள். தான் குழியில் விழாமல் என்னைக் குழப்பத்தில் தள்ளிவிட்டாள்!

இன்னும் கறுப்பாகத் தீட்டினேன். மறுபடியும் மிதித்தாள்.

"குழி தெரியலையாம்மா?"

"எந்தக் குழிடா?" என்றவள், குனிந்து தரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்டே சொல்லிடாதே" என்றாள். நான் படம் வரைந்ததையா, தன் கண் சரியாகத் தெரியாததையா? எனக்குப் புரியவில்லை.

நாளைக்கும் ஸ்கூட்டரில்தான் ஹெப்பாள் கம்பெனிக்குப் போவாளாம். சாவியை ஒளித்துவிட்டேன். அதையும் குறும்பென்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வால்பையன்