ஐந்து பேருக்குப் பார்த்த கப்பல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பையன்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, மனதார எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குக் கீழே வரப்போகிற எதுவும் உன் காதுக்கு இனிமையாக இருக்காது. "கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதுங்க" என்று உன் அம்மா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாலு நாளும் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை, இறுகிப்போய்க் கிடக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீதான் போன் செய்தாய். "அப்பா, லீவுக்குக் கப்பல்ல போலாம்னு இருக்கோம், வளந்த பசங்களுக்குப் பிடிக்கிற மாதிரி நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாத கப்பலா" என்றாய். எத்தனை பேர் என்று கேட்டேன். டிராவல்ஸ் கவுன்டரில் இருபத்தாறு வருஷமாக நான் முதலில் கேட்கிற கேள்வி அது, வாய் தானாகவே கேட்டுவிடும். "குடும்பம்தான்ப்பா" என்றாய். குடும்பம் என்றால் என் கணக்கில் நீ, உன் மனைவி, அவளுடைய இரண்டு பையன்கள், அப்புறம் நம் பட்டாணி. அவள் அம்மா இறந்தபோது எட்டு வயசுப் பிள்ளையாக எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பட்டாணி, உனக்குப் பிறந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண். ஐந்து பேர்தானே என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பெற்ற தகப்பனிடம் அப்படிக் கேட்பது அவனை அவமதிப்பது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் நான் பார்த்த வேலையைத் தெரிந்துகொள். மேல்தளம் முழுக்கச் சறுக்குப் பாதையும் குதிக்கிற வலையுமாகப் படம் போட்டிருக்கிற பெரிய கப்பல்களை முதலிலேயே தள்ளினேன், அங்கே ஒரு தடவை சறுக்க முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும், குடும்பத்தில் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே லீவு முடிந்துவிடும். இன்னொன்று முழுக்கப் பெரியவர்களுக்கானது, பதினேழு வயசுக்காரனை அதில் ஏற்றினால் இரண்டாம் நாளே கரைக்கு நீந்திப் போய்விடுவான். மூன்றாவதில் வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒரே ஓர் அறை, உன் வீட்டுப் பதின்மூன்று வயசுக்காரன் அங்கே பெரிய பையன்களைப் பார்த்து மிரண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். கடைசியில் ஒரு நடுத்தரக் கப்பலை எடுத்தேன். பதினைந்து வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி அறை, மேலே உள்ளவர்களுக்குத் தனி அறை, ஏழு நாளில் இரண்டு நாள்தான் வெறும் கடல், மற்ற நாளெல்லாம் ஏதாவதொரு துறைமுகம். கேபினும் ஒன்றாக எடுக்காதே, நடுவில் கதவு வைத்த இரண்டு கேபின் எடு, ஒன்றில் நீயும் பையன்களும், ஒன்றில் உன் மனைவியும் பட்டாணியும், பதினைந்து வயசுப் பெண் கண்ணாடி முன்னால் நிற்கும்போது யாரும் வந்து கதவைத் தட்டக் கூடாது என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். பதிலுக்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். ஞாபகம் இருக்கிறதா? ஐந்து பேர் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அந்தக் கட்டைவிரலைத் தூக்கினாய்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அவளிடம் சொன்னேன். அந்தத் தப்பு என்னுடையது. அன்றிலிருந்து வீட்டில் கப்பலைத் தவிர வேறு பேச்சு இல்லை. தளங்களின் வரைபடத்தை ஆபீசில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னாள், சாப்பாட்டு மேஜையில் விரித்து எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று மனப்பாடம் செய்தாள். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவள் பள்ளிக்கூடம் விட்டதும் நீச்சல் குளத்துக்குப் போய், ஆறு வயசுப் பொடிசுகளோடு ஆழமில்லாத பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். சின்னவனுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும், பெரியவன் பேசுவானா மாட்டானா என்று என்னைக் கேட்டுக் குடைந்தாள். எனக்கு என்ன தெரியும்? கல்யாணத்துக்கே எங்களைக் கூப்பிடாதவன் நீ, நானும் அந்தப் பையன்களைப் போட்டோவில் பார்த்தவன்தான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிக்கெட் வந்தது. நீ என்னிடம் சொல்லாமல் எங்கள் டிராவல்ஸின் வேறு கிளையில் பதிவு செய்திருக்கிறாய், ஆனால் எல்லாக் கிளைகளின் டிக்கெட்டும் எங்கள் கிளையில்தான் அச்சாகிக் கவருக்குள் போகும் என்பது உனக்குத் தெரியாமல் போய்விட்டது. பிரின்டரிலிருந்து உன் பேர் வந்தது. உன் மனைவி பேர் வந்தது. பெரியவன், சின்னவன். பிறகு நின்றுவிட்டது. காகிதம் சிக்கிக்கொண்டது என்று நினைத்து மூடியைத் திறந்து பார்த்தேன், தட்டை இழுத்துப் பார்த்தேன், அணைத்துப் போட்டேன். பக்கத்துக் கவுன்டர் பெண், "என்ன சார் தேடுறீங்க" என்று கேட்டாள். "இன்னொண்ணு வரணும்மா" என்றேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "நாலு பேர்தான் சார், ஒரே கேபின்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் உன் பேரைக் கவனித்தாள் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு யாருமில்லாத கவுன்டரில் எதையோ அடுக்க ஆரம்பித்தாள். ஊரார் பயணத்தையெல்லாம் சரி பார்த்துக் கொடுத்த நான் என் பேத்திக்கு இடம் இல்லாத டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கிற தைரியம் ஆபீசில் ஒருத்தருக்கும் இல்லை.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுத்தில் பார்க்கட்டும் உன் கண். "கேபின்ல நாலு பேருக்குத்தான்ப்பா இடம்" என்றாய். இரண்டு கேபின் எடுக்கச் சொல்லி எழுதியவனிடமே சொல்கிறாய். "பசங்க இப்பதான் என்கிட்ட ஒட்டிக்கிட்டு வர்றாங்க, இந்த நேரத்துல புதுசா ஒருத்தி வந்தா குழம்பிடும்" என்றாய். புதுசா ஒருத்தியா? நீ தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளை உனக்குப் புதுசா? கடைசியில், "அடுத்த வருஷம் அவள மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போறேன்" என்றாய். ஏழு வருஷமாக அவளுக்கு நீ கொடுத்து வருவது அந்த அடுத்த வருஷத்தைத்தான். இனி அதை இந்த வீட்டுக்கு அனுப்பாதே. உன் மனைவி சொன்னாள், பையன்கள் சொன்னார்கள் என்று யார் பின்னாலும் ஒளியவும் வேண்டாம். அம்மாதான் இல்லை, நீயாவது வேண்டும் என்று அவள் அழுதபோது விமானம் ஏறியது நீ, கட்டைவிரல் காட்டியது நீ, நாலு என்று எழுதிக் கொடுத்தது நீ.

நான் சும்மா இருக்கவில்லை. உங்கள் கேபினுக்கு எதிர் வரிசையில் இரண்டு பேர் கேபின் ஒன்று காலியாக இருந்தது, அதை என் பொறுப்பில் இரண்டு நாளுக்குப் பிடித்து வைத்தேன். அவள் பேரை எப்படியாவது சேர்த்துவிட்டால் நீ எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன், மறைக்கவில்லை, கேபின் பிடித்திருப்பதையும் சொன்னேன். அழுவாள் என்று உன் அம்மா துண்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. வரைபடத்தை மெதுவாக மடித்தாள், மடிப்பு சரியாக வரவில்லை, திரும்பப் பிரித்து மடித்தாள். "விட்டுருங்க தாத்தா. நீங்க இடம் பிடிச்சுக் குடுத்து நான் போய் நின்னா, ஏழு நாளும் அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும். கப்பல்லேர்ந்து எறங்கி வரக்கூட முடியாது" என்றாள். பதினைந்து வயசில் அவளுக்கு அது தெரிகிறது. எனக்கு இந்த வயசில் தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் கவுன்டரைத் திறந்ததும் கேபினை விட்டுவிட்டேன், பத்து நிமிஷத்தில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். உங்கள் நாலு டிக்கெட்டையும் ரத்து செய்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது, அதையும் மறைக்கவில்லை. செய்யவில்லை. அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள்?

அதனால் அவர்களுக்காகச் சிலது எழுதுகிறேன், கேட்டுக்கொள். மேற்கூரையிலிருந்து இறக்குகிற படுக்கையில் பெரியவனைப் போடாதே, கால் வெளியே தொங்கும், அதில் நீ படு. ஏறின முதல் நாளே இரண்டு பேரையும் அவரவர் வயசு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேர் கொடு, முதல் நாளில் சேராத பிள்ளைகளுக்கு அப்புறம் கூட்டாளி கிடைக்க மாட்டார்கள். சின்னவனுக்கு வயிறு புரட்டினால் கேபினுக்குள் படுக்கவைக்காதே, காற்றுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து கரையைப் பார்க்கச் சொல். உன் மனைவியிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொல், ஆனால் இந்தக் கடிதத்தை அவளும் படிக்க வேண்டும். நீ அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நேற்று இதை எழுத உட்கார்ந்தபோது பட்டாணியைக் கூப்பிட்டு, உன் அப்பாவுக்கு எழுதப் போகிறேன், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தன் அறை வாசல் வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து, "ஒண்ணு மட்டும் கேளுங்க. நான்னு ஒருத்தி இருக்கேன்னு அந்தப் பசங்களுக்குத் தெரியுமா?" என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. அவளிடம் சொல், உன் குரலில் சொல், தெரியாது என்பதுதான் பதில் என்றால் அதையும் நீயே சொல்.

நீங்கள் நாலு பேரும் ஆபத்து இல்லாமல் போய்த் திரும்ப வேண்டும், எந்தக் கோபத்திலும் அந்த ஆசீர்வாதத்தை நான் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன். டிக்கெட்டும் பெட்டியில் கட்டுகிற அட்டைகளும் இந்தக் கவரிலேயே இருக்கின்றன, அட்டையில் பேர் எழுத மறந்துவிடாதே. பட்டாணி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்ததில் எங்கே தவறினேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா