கடைசிப் பக்கம் இல்லாத விண்வெளிக் கதை

அக்கா,

இன்று காலை எங்கள் அடுக்குமாடியின் மேல்தொட்டியைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் படியில் தூக்கிப் போனபோது அந்த நெடி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று வாசலில் நின்ற பிறகுதான் யோசித்தேன். என் மகளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கோயமுத்தூரில் தன் வீட்டில் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் போன் போட்டு அவள் குரலைக் கேட்ட பிறகுதான் திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன்.

"என்னம்மா, பிளீச்சிங் வாசமா?" என்றாள். அவளுக்குத் தெரியும்.

நீங்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த ஒரு நாளைப் பற்றி நாம் இருவரும் முழுதாகப் பேசிக்கொண்டதே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் காப்பி வைக்க எழுந்துவிடுவோம். அதனால் இப்போது எழுதுகிறேன்.

மடத்துக்குளத்திலிருந்து கல்யாணமாகி நான் திருப்பூருக்கு வந்தபோது அந்தச் சந்தில் என்னிடம் முதலில் பேசியவர் நீங்கள்தான். உங்கள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணியை மூட்டை மூட்டையாக வாங்கி விற்பார். உங்கள் முன்னறையில் ஒரு பக்கம் அந்த மூட்டைகள், மறு பக்கம் நீங்கள் வாடகைக்கு விடும் புத்தகங்கள். பிள்ளைகள் மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு படிப்பார்கள். மற்ற வாடகைக் கடைகளில் குடும்பக் கதையும் துப்பறியும் கதையும்தான் கிடைக்கும். உங்களிடம் மட்டும் ஓர் அலமாரி முழுக்க ஆகாயக் கதைகள் இருந்தன. செவ்வாய்க்குப் போகிறவர்கள், நட்சத்திரங்களுக்கு நடுவில் வழி தவறியவர்கள், நிலாவில் இறங்கிவிட்டுக் கப்பலைக் காணாமல் தேடுகிறவர்கள். உங்கள் வீட்டுக்காரர் கோயமுத்தூர் பழைய பேப்பர் கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். அவற்றை முதலில் படித்து முடிப்பது நீங்கள்தான். சோறு வேகும் நேரத்தில்கூடப் புத்தகம் உங்கள் இடது கையில் இருக்கும்.

புத்தகம் கேட்டு வரும் பிள்ளையிடம் எந்த வகுப்பு என்று நீங்கள் கேட்டதில்லை. "உனக்கு எதுக்குக் கண்ணு பயம்?" என்றுதான் கேட்பீர்கள். என் மகள் செல்வி முதன்முதலில் வந்து நின்றபோது, "இருட்டுன்னா பயமுங்க பெரீம்மா" என்றாள்.

"அப்ப இதைப் படி. இதுல வர்றவங்களுக்குச் சுத்தியும் இருட்டுதான். அவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லோணும்."

பொழுது சாய்ந்தால் கொல்லைப்புறம் போக என் கையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை, அந்தப் புத்தகத்தை முடித்த வாரம் தனியாகப் போய்விட்டு வந்தாள். அதன் பிறகு நீங்கள் எடுத்துக் கொடுப்பதையெல்லாம் படித்தாள். அவளுக்கு ஒன்பது வயது அப்போது.

எழுபதுகளின் கடைசியில், ஆனி மாதக் காற்று புழுதியை வாரி அடித்த வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காக்காரர்கள் ஆகாயத்தில் நிறுத்திவைத்திருந்த ஏதோ ஒரு பெரிய இரும்புக் கூடம் பழுதாகி பூமியில் விழப்போகிறது, எங்கே விழும் என்று அவர்களுக்கே தெரியாது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குமேல் ஊரே சேர்த்துச் சொன்னது. மங்கலத்தில் தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு தாராபுரம் போய்விட்டவரைப் பற்றிப் பேசினார்கள். நம் சந்தில் ஒரு வீட்டில் இருந்த கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்தார்கள். செத்த பிறகு யாருக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டு அம்மாவின் கண்ணில் சிரிப்பு இல்லை. நானும் பயந்தேன் அக்கா. துணி காயப்போட மாடிக்குப் போனால் தலையைத் தூக்கிப் பார்க்காமல் இறங்கிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் யாரோ செல்வியிடம், அது திருப்பூர் மேல்தான் விழும், இங்கேதான் கம்பெனிகள் நிறைய, வெள்ளைத் துணி நிறையக் காய்கிறது, மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதை என்னிடம் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேனே தவிர, அதெல்லாம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது விழும் என்று சொன்ன அன்று மதியம் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். செல்வி வரவில்லை. முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேன்.

"அக்கா, செல்வி இங்க வந்தாளாங்க்கா?"

"இல்லியே அம்மிணி. காலைல ஸ்கூலுக்குப் போறப்ப எட்டிப் பாத்து கைய ஆட்டிட்டுப் போனா. ஏன், என்னாச்சு?"

சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள். சந்து முழுக்கத் தேடினோம். கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த என் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினோம். அவர் சைக்கிளைப் போட்ட இடம் தெரியாமல் போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது, கைப்பிடிச் சுவர் இல்லாதது. யாரோ அதைக் கை காட்டினார்கள். யாரோ போய், கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டி கொண்டுவந்தார்கள்.

அந்தக் கொக்கிகள் தண்ணீருக்குள் இறங்கிய சத்தத்தை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கயிற்றை இழுத்தபோது எதிலோ மாட்டி இறுகியது. என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் வாங்கி இழுத்தார். மேலே வந்தது ஒரு பழைய தகரக் குடம். மறுபடி இறக்கினார்கள். நான் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். உங்கள் உடம்பும் நடுங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று என் தோளைப் பிடித்து நிமிர்த்தினீர்கள்.

"அம்மிணி, அவ கிணத்துல இல்ல" என்றீர்கள்.

"எப்படிங்க்கா சொல்றீங்க?"

"போன வாரம் அவளுக்கு நான் குடுத்த கதையில யாரும் குழிக்குள்ள ஒளியல. வானத்துல இருந்து கல்லு மழை பேயும். எல்லாரும் ஒரு இரும்புக் கூண்டுக்குள்ள ஏறி மூடிய இழுத்து மூடிக்குவாங்க. இங்க பக்கத்துல மூடி வெச்ச இரும்பு எங்கடி இருக்குது?"

நீங்கள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

மூடி போட்ட பாய்லர்கள் இருந்த, நொய்யல் கரையோரச் சலவைப் பட்டறைக்கு ஓடினோம். பனியன் துணியைச் சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் வெளுக்கிற இடம் அது. செத்தால் வீட்டில் இருந்து சாகிறோம் என்று ஆட்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். கொடிகளில் வெள்ளைத் துணி எடுக்க ஆளில்லாமல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மட்டும் கேட்டில் இருந்தார்.

"உள்ள யாருமில்லீங்க. நாளைக்குக் காலைலதானுங்க ஆளு வருவாங்க" என்றார்.

துணி வேகவைக்கும் பாய்லர்கள் இரண்டு, ஆள் உயரத்துக்கு மேல், பக்கத்தில் இரும்பு ஏணியோடு நின்றன. நான் தொண்டை கிழிய, "செல்வி! செல்வி!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். காற்றுச் சத்தம்தான். என் வீட்டுக்காரர் திரும்பிக் கேட்டை நோக்கி நடந்துவிட்டார். நானும் திரும்பினேன்.

நீங்கள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"கூப்புடாத. அவ பேச மாட்டா. அந்தக் கதையில காத்து கொறஞ்சுட்டே வரும். பேசுனா காத்து தீந்துரும், யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கேப்டன் சொல்லுவான். தட்டித்தான் பேசிக்குவாங்க."

கீழே கிடந்த கல்லை எடுத்து முதல் பாய்லரில் விட்டு விட்டுத் தட்டினீர்கள். காதை இரும்பில் வைத்தீர்கள். ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தட்டினீர்கள். அதிலும் ஒன்றும் இல்லை. உங்கள் உதடு வெளுத்துப் போயிருந்தது. மறுபடி தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் இருக்கிறாளா இல்லையா என்பதை அந்த முகத்தில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் கண் திறந்தது. நான் ஓடிவந்து காதை வைத்தேன். உள்ளேயிருந்து, நகத்தால் சுரண்டுவதுபோல, மெல்லிய தட்டல். அப்புறம் இன்னொன்று.

நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிய வேகம் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மூடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை அவள் உள்ளேயிருந்து இழுத்திருக்கிறாள். மூடி விழுந்துவிட்டது. கீழேயிருந்து தள்ள ஒரு பிள்ளையால் முடியாது. நீங்களும் வாட்ச்மேனும் என் வீட்டுக்காரருமாக அதைத் தூக்கினீர்கள். உள்ளேயிருந்து வந்த பிளீச்சிங் நெடியில் கண் எரிந்தது. அடியில், தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மிச்சமிருந்த சோடாத் தண்ணீரில் கால் தோல் வெந்திருந்தது. பக்கத்தில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசியில் பொரி. அவள் அப்பா உள்ளே இறங்கித் தூக்கிக் கொடுத்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது, வாயை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள். "பேசலாம் கண்ணு, இப்பப் பேசலாம்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் விழித்ததும், "அது விழுந்துருச்சாம்மா?" என்றாள். பிறகு உங்களைப் பார்த்தாள். "பெரீம்மா, கதவ மூடிட்டுத் தட்டித் தட்டிப் பேசிக்கிறது வரைக்கும் படிச்சேனுங்க. எப்படித் தொறந்து வெளிய வந்தாங்கன்னு தெரியலீங்க. கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு."

நீங்கள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள்.

அந்தக் கூடம் எங்கோ தூரத்தில், கடல் தாண்டிய நாட்டில் விழுந்தது. ஊர் மறுநாளே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. கோழி அடித்த வீட்டைக் கேலி பேசினார்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். "ஏனுங்க, புள்ளைங்க மண்டையில இதையெல்லாமா ஏத்துறது? ஒரு உசுரு போயிருந்தா?" என்று கத்தினார். "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது" என்றீர்கள். அன்றே ஆகாயக் கதைகளையெல்லாம் ஒரு துணி மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டீர்கள். நான் குளியலறைக் கதவைக்கூடச் செல்வியை மூட விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும்வரை போய் நின்றுகொண்டிருந்தேன்.

கால் புண் ஆறிய பிறகு அவள் உங்கள் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். நீங்கள் வேறு புத்தகம் நீட்டினீர்கள். அவள் வாங்கவில்லை. "உங்கம்மா வந்து கேக்கட்டும்" என்று அனுப்பினீர்கள். நான் வந்தேன்.

"நீயா கேக்கறே? உனக்குப் பயமில்லையா அம்மிணி?"

"உசுரே நடுங்குதுங்க்கா. ஆனா கதவு தொறக்கலைன்னு சொல்லிச் சொல்லித் தூக்கத்துல அழுவுறா. அந்தக் கதை எப்படி முடியுதுன்னு அவளுக்குச் சொல்லிருங்க."

"எனக்கே தெரியாது. அந்தக் கட்டு வர்றப்பவே அப்படித்தான் வந்துச்சு." பிறகு மூட்டையை அவிழ்த்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தீர்கள். செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். "சரி கண்ணு. நாமளே தொறப்போம். வெளிய யாரு நிக்கறாங்க?"

"எங்கம்மா."

"அத்தன தூரம் எப்படி வந்தாங்க?"

அவள் யோசித்தாள். "பஸ் புடிச்சு வந்துட்டாங்க பெரீம்மா. கூட நீங்களும் வந்தீங்க."

நீங்கள் சிரிக்கத்தான் ஆரம்பித்தீர்கள். அது அழுகையாக மாறிவிட்டது. நானும் அழுதேன். செல்வி மட்டும் நிறுத்தாமல் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள், கூண்டுக்குள் இருந்த ஒவ்வொருவராக வெளியே வரும்வரை. அன்று மதியம் அவள் தூங்கினாள். இடையில் விழிக்கவே இல்லை.

மறுநாள் ஆகாயக் கதைகள் அலமாரிக்குத் திரும்பின. அதன் பிறகு எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்ததில்லை. பக்கம் இல்லாவிட்டால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லிவிட்டுத்தான் அனுப்புவீர்கள். என் வீட்டுக்காரர் சில மாதம் உங்களோடு பேசவில்லை. பிறகு ஒரு பக்ரீத் அன்று அவரே வந்து உங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் அந்த அலமாரியில் இருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இந்த அடுக்குமாடிப் பிள்ளைகள் இப்போது என்னிடம் வருகிறார்கள். எல்லாவற்றையும் போனில் பார்க்கிற பிள்ளைகள்தான். ஆனாலும் வருகிறார்கள். நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை அக்கா. அதை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்று மாலை மேல்வீட்டுச் சிறுமி வந்து, விண்வெளியில் தொலைந்துபோகிறவர்களின் கதை ஒன்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். சற்று நேரம் கழித்து, தயிருக்கு உறை மோர் வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேலே போனேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் அம்மா மோர் எடுத்து வருவதற்குள் கதவோரம் போய் நின்றேன். உள்ளே புத்தகத்தில் ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது. கிண்ணத்தை வாங்கிக்கொண்ட பிறகும், அடுத்த பக்கம் புரளும்வரை நின்றிருந்தேன்.