மேல்வரியில் யார் பெயர்

14 ஜூலை 2025, திங்கள்

பஜனை மன்றத்து மாடி அறையில் காலை முழுவதும் உரைக்குறிப்புத் தட்டச்சு. பெருமாள் கிருபையால் பதினோரு பாசுரங்கள் முடிந்தன.

இந்தக் கணினி, என் பள்ளித் தோழர் நமச்சிவாயமும் நானும் சேர்ந்து வாங்கியது. காலை எனக்கு, மாலை அவருக்கு. அதனுள் இரண்டு இயங்குதளங்கள். நான் பழகிய தமிழ் எழுத்துரு பழைய விண்டோஸில்தான் ஓடும். அவருடைய சிவத்தலக் குறிப்புகள் புதிய லினக்ஸில். பொத்தானை அழுத்தியதும் எங்கள் இருவர் பெயரும் கொண்ட பட்டியல் தோன்றும். பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் மேல்வரிக்காரருடையது தானே திறந்துகொள்ளும். மேல்வரியில் அவர் பெயர். லினக்ஸை ஏற்றியவர் அவருடைய மருமகன் அல்லவா! நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பத்து விநாடி போய்விடுகிறது. அணைத்து மறுபடி தொடங்க வேண்டும். நான்கு மாதமாக இதே கதை.

நான் இறங்கும்போது அவர் ஏறி வந்தார். வழக்கமான அர்ச்சனை: "வடக்கு ஜன்னல ஏன் வாத்தியாரே தொறந்து போட்டுட்டுப் போற? அணில் பூந்து ஒயரக் கடிச்சா உன் பெருமாளா வந்து ஒட்டுவாரு?"

15 ஜூலை, செவ்வாய்

அந்தப் பட்டியல் வெறும் ஓர் எழுத்துக்கோப்புதான், விண்டோஸிலிருந்தே திருத்தலாம் என்று மருமகன் அன்று சொன்னது நினைவிலிருந்தது. திறந்தேன். நமச்சிவாயத்துக்குரிய நான்கு வரிகளை வெட்டினேன்; என் வரிகளுக்குக் கீழே ஒட்டுவதாக எண்ணம். வெட்டியதும் சேமித்தேன் — ஒவ்வொரு படியிலும் சேமிப்பது என் வழக்கம். ஒட்டுவதற்குள் மின்சாரம் போயிற்று; வெட்டிய வரிகளும் அதோடு போயின.

மின்சாரம் வந்தபின் பார்த்தால், திரையில் ஒரே பெயர். என் பெயர்.

17 ஜூலை, வியாழன். ஆடி முதல் நாள்

உடனே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நானே சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். செவ்வாய் மாலை அவர் வரவில்லை; நேற்று மாலை வந்து அவரே பார்த்துவிட்டார்.

இன்று காலை வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"கத்திரியக் கையில குடுத்தா என் பேரத்தான் வெட்டுவியா வாத்தியாரே? நானூறு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். எல்லாம் போச்சு. உன் பேரு மட்டும் ஜம்முனு நின்னுக்கினு கீது. மேல வரணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே ஏத்தி வுட்டிருப்பேனே."

தன்னிடமிருந்த மாடி அறைச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்.

21 ஜூலை, திங்கள்

மாலையிலும் மாடிக்குப் போனேன். எவரும் வரவில்லை.

23 ஜூலை, புதன்

அதிகாலைப் பாசுர அனுசந்தானத்தில் மனம் நிற்கவில்லை. பழையசீவரத்து மணல்தான் கண்ணில் நிற்கிறது.

பதினோராம் வகுப்பு, 1972. ஞாயிறுதோறும் ஒரே சைக்கிளில் போவோம். போகும்போது அவர் மிதிப்பார், திரும்பும்போது நான். பாலாற்று மணலில் அமர்ந்து பாடுவோம். என் முறை வந்தால் நான் அவருடைய ஈசனைத்தான் முதலில் பாடுவேன். அவர் என் நரசிம்மனைப் பாடித் தொடங்குவார். மற்றவன் தெய்வம் முதலில் — யாரும் எழுதிவைக்காத விதி. மலைக்கோயில் பட்டர் சிரிப்பார்: "உங்கள்ல யாருக்குடா நாமம் போட, யாருக்கு விபூதி பூச?"

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு மேல்வரிக்கு ஆசைப்பட்டேனே! கண்ணாடி ஒரு சாக்கு. எனக்குத் தெரியாதா? அவர் பேருக்குக் கீழ என் பேரு இருக்கறது பொறுக்கல — அதான். சீ, இன்னா மனுஷன் நான்.

25 ஜூலை, வெள்ளி

கடைத்தெருவில் கணினி மையம் நடத்தும் பர்சானாவை அழைத்து வந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இப்போது அவர் மகளே கல்லூரியில்.

சற்று நேரம் பார்த்தார். "எதுவும் போவல சார். உள்ள எல்லாம் பத்திரமா கீது. பட்டியல்ல பேரு இல்ல, அதான் கூப்புட ஆளில்லாம தூங்கிக்கினு கீது."

நான்கு வரிகளையும் மீண்டும் எழுதினார். லினக்ஸ் திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், ஓர் எழுத்தும் குறையாமல். என் கண் கலங்கியதைக் கவனியாதவர்போல் கேட்டார்:

"யார மேல வெக்கட்டும் சார்?"

"அவரை."

"அப்புறம் மறுபடியும் கண்ணாடி தேடிக்கினு பேஜாராவீங்க. ஒண்ணு பண்றேன். பத்து செகண்ட முப்பதாக்கிடறேன். கடைசியா யாரு தொறந்தாங்களோ அவங்க பேரு மேல வெள்ளப் பட்டை நிக்கும். வுட்டுட்டா அதுவே தொறக்கும். மேல கீழன்னு இனிமே பஞ்சாயத்தே இல்ல."

அவர் போனபின்தான் உறைத்தது. நாங்கள் மாறிமாறி வந்தால், காலையில் என்னை வரவேற்பது அவர் பெயர். மாலையில் அவரை வரவேற்பது என் பெயர். மணலில் பாடிய அதே விதி!

அவர் வந்தால்தானே?

26 ஜூலை, சனி

அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி சாரதா வாசலுக்கு வந்தார். "அவுரு தூங்கிக்கினு கீறாருண்ணா." உள்ளே தூங்குகிறவர் உரக்க இருமினார்.

"எழுதியது அத்தனையும் இருக்கிறது, பெயரும் திரும்ப ஏறிவிட்டது என்று சொல்லம்மா. தவறு என்னுடையது என்றும் சொல்." சாவியை அவர் கையில் வைத்தேன்.

"சொல்றேண்ணா. காதுல வாங்கணுமே அந்த மன்ஷன்."

28 ஜூலை, திங்கள். ஆடிப்பூரம்

சந்நிதியில் கூட்டம். தீர்த்தம் பெற்றுக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பட்டை என் பெயரில், நான் விட்ட இடத்திலேயே.

31 ஜூலை, வியாழன்

என் பெயரில்.

4 ஆகஸ்ட், திங்கள்

பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடி மாட்டினேன். வெள்ளைப் பட்டை நமச்சிவாயத்தின் பெயரில் நின்றது.

விசை எதையும் தொடவில்லை. முப்பது விநாடியும் கைகட்டி நின்றேன். அவருடைய தளம் தானே திறந்தது. திரை நடுவில் ஒரு புதிய கோப்பு, என் பெயரிட்டது. இரண்டே வரி:

"நானூத்திப் பதிமூணாம் பக்கம் ஆரம்பிச்சிட்டேன். வடக்கு ஜன்னல மறுபடியும் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கே வாத்தியாரே."

அணைத்து, என் வரிக்கு மாறி, இரண்டு பாசுரங்களுக்குக் குறிப்பு எழுதினேன். நண்பகலில் அறையைப் பூட்டி இறங்கினேன்.

வடக்கு ஜன்னலைத் திறந்தே விட்டிருக்கிறேன்.