சுப்பராயலு கார் பின்னால் போன விவரம்

ஆரணி
3.2.2025

கடல் தாண்டிப் போயும் என்னை மறக்காத லீவு டீச்சருக்கு அபிதகுசாம்பாள் எழுதுவது.

ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். புத்தகம் பத்திரமாக வந்தது. நீ இங்கே பாடம் சொல்லிக்கொடுக்க வந்தபோது, லீவ என்கிற உன் பேரை எங்கள் தெருப் பிள்ளைகள் லீவு ஆக்கி, நீ வந்தாலே பள்ளிக்கூடம் கிடையாது என்று குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் சொன்ன கதையைத்தான் புத்தகமாகப் போட்டிருப்பதாகவும், நீ ஓய்வு பெறும் நாளில் அதில் ஒரு பக்கத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக வரையப் போவதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன். பேத்தி காவ்யா போனில் படம் பிடித்து, உங்கள் பெல்ஜியத்து பிளெமிஷ் பாஷையைத் தமிழாக்கி வாசித்தாள். அதோடு போயிற்று சந்தோஷம்.

நான் சொன்னது என்ன? எனக்கு ஒன்பது வயசு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அப்பா நெசவுக்கான பட்டு நூலை, பாவு என்போமே, அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார். முதலாளி சுப்பராயலு காரில் வந்தார். “பாவ அவுருடா, ஜல்தியா போவணும்” என்றார். பாதியில் அவிழ்த்தால் நூல் எல்லாம் சிக்கிப் பாழ். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் கையை விரித்துக் காருக்கு முன்னால் போய் நின்றேன். ஹாரன் அடித்தார். நகரவில்லை. கடைசியில் கார் பிள்ளையார் கோயில் மூலை வரை பின்னாலேயே போயிற்று.

நீ போட்டிருப்பது என்ன? தெருவில் பாவு இல்லை, மயில் நீட்டிப் படுத்திருக்கிறது. அது போகட்டும். அந்தப் பெண் அழுகிறாள், முதலாளி இரக்கப்பட்டுத் திரும்புகிறார். சுப்பராயலு சாகும்வரை ஊரெல்லாம் சொன்னது இதைத்தான். “பொண்ணு அழுதுகினு நின்னுச்சுப்பா, மனசு கேக்கல.” அந்தப் பொய்யை நீ அச்சடித்துவிட்டாய். சுவரில் வரப்போவதும் அந்த அழுகிற பக்கம்தானாம்.

நான் அழவில்லை. மாற்று. மற்றதை அப்புறம் பேசலாம்.

அபிதகுசாம்பாள்


கெண்ட் அருகில்
20.2.2025

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தமிழ் எழுதி நாளாகிவிட்டது, பிழைகளைப் பொறுத்தருளவும்.

நான் கதையை முதலில் எழுதுவதில்லை, வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகள் காதில் எப்படி விழுகிறதோ அப்படி மறுநாள் காலை, பள்ளி திறக்குமுன் எழுதுகிறேன். என் புத்தகங்கள் எல்லாம் அந்த வகுப்பறையில் பிறந்தவை. தங்கள் கதையைச் சொன்னபோது ‘பாவு’ என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னேன். எங்கள் மொழியில் அந்த ஓசைக்கு மயில் என்று பொருள். தெரு நீளத்துக்கு ஒரு மயிலா என்று அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அழுகை மட்டும் நான் சேர்த்தது. ஒன்பது வயதுக் குழந்தை பெரிய காரின் முன் அழாமல் நிற்குமா? அழுகிற பெண்ணைத்தான் பிள்ளைகள் தோழியாக ஏற்கிறார்கள். அந்தப் பக்கம் பிடித்ததாக எத்தனையோ குழந்தைகள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஓவியரும் சுவரில் கோடு போட்டுவிட்டார். இனி மாற்றுவது கடினம், அக்கா.

தங்கள் தங்கை,
லீவ


ஆரணி
8.3.2025

லீவுக்கு,

தங்கை என்று போட்டாயே, அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

அழுதது யார்? வந்த முதல் வாரம், பிள்ளைகள் உன் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாய். சேத்துப்பட்டு பஸ்ஸில் பை தொலைந்ததற்கு அழுதாய். ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அழுது எல்லோரையும் பேஜார் பண்ணினாய். நான் ஒன்றையும் மறக்கவில்லை. நீ அழுகிற ஆள், அதில் தப்பில்லை. உன் அழுகையை உன் பேரில் போட்டுக்கொள். என் மூஞ்சியில் ஊற்றாதே.

பயம் இருந்தது. அழுதால் கண் மறைக்கும், கார் நகர்வது தெரியாது என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். இதை உன் பிள்ளைகளிடம் சொல்லிப் பார். அவர்கள் என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன்.

மயில் இருக்கட்டும். அழகாகத்தான் இருக்கிறது.

அபிதகுசாம்பாள்


கெண்ட் அருகில்
2.7.2025

அன்பு அக்காவுக்கு,

நான் தோற்றேன்.

தங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். பிறகு ஃப்லூர் என்ற சிறுமி, பயந்துகொண்டே அழாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. செய்து பார்த்துவிடலாம் என்று எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியரின் கார் உள்ளே வந்தது. ஃப்லூர் கையை விரித்து, கண் இமைக்காமல் நின்றாள். அவர் வாசல் வரை பின்னால் போக வேண்டியதாயிற்று.

அப்புறம் பிள்ளைகளே ஓவியரிடம் போய்ச் சொன்னார்கள். கண்ணீரை அவர் துடைத்துவிட்டார். புதிய பதிப்புக்கு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தில் இதுவரை பெயரில்லாதிருந்த பெண்ணுக்குத் தங்கள் பெயரை வைத்திருக்கிறேன். அபிதகுசாம்பாள் என்று எங்கள் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

நேற்று முன்தினம் என் கடைசி நாள். சுவர் ஓவியத்தைத் திறந்து வைத்தார்கள். அழுதது நான் மட்டும்தான். அதை என் பேரிலேயே போட்டுக்கொள்கிறேன். சுவரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் அன்புத் தங்கை,
லீவ


ஆரணி
21.7.2025

என் தங்கை லீவுக்கு,

படம் வந்தது. கார் கறுப்பு, நீங்கள் சிவப்பு அடித்திருக்கிறீர்கள். மூக்கும் என் மூக்கு இல்லை. ஆனால் கண் என்னுடையதுதான்.

படத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சுப்பராயலு கடைக்குப் போனேன். கல்லாவில் அவர் பேரன் சந்திரமோகன் இருந்தான். “வாங்க ஆயா, இன்னா வேணும்?” என்றான். ஒன்றும் வேண்டாம் என்று மேசை மேல் படத்தை விரித்தேன். புடவை பார்க்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மயில் எதற்கு என்று கேட்டான். அது வேறு கதை என்றேன். பிறகு காரைப் பார்த்தான்.

“இது எங்க தாத்தாவா?”

“ஆமா.”

“நீங்க அழுதீங்கன்னு இல்ல சொல்லுவாரு?”

“பொண்ணு மூஞ்சப் பாரு.”

ரொம்ப நேரம் பார்த்தான்.

“அப்போ எங்க தாத்தாதான் பயந்துட்டாரா ஆயா?”

நான் படத்தை அங்கேயே விரித்தபடி விட்டுவிட்டு, தெரு நடுவிலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன். பின்னால் ஓர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்கட்டும்.

உன் அக்கா,
அபிதகுசாம்பாள்