சாய்வுக்குக் குறிப்பு வேண்டாம்

மூன்று நாளாக மேல்மாடிக்காரியின் குளியலறையில்தான் குளிக்கிறேன். என் குளியல் தொட்டி முழுக்கக் கூடை பின்னுவதற்கான வில்லோ மரக் குச்சிகள் ஊறிக்கிடக்கின்றன. அவை மிதக்காமல் இருக்க நான்கு பூச்சாடிகளைப் பாரமாக வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் அந்த மணம். நனைந்த மரப்பட்டையும் ஆறிப்போன கறுப்புத் தேநீரும் கலந்ததுபோல. "ரீச்சர், உன்ர வீடு நனைஞ்ச நாய் மாதிரி மணக்குது" என்பாய். எனக்கு அது நீ வரப்போகிற நாளின் மணம்.

மேசையில் இந்த வருடக் கூடைக் கண்காட்சிக்கான விண்ணப்பம் கிடக்கிறது. பெயர், பொருள், அளவு. அவற்றின் கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: "செய்தவரின் உடல்நிலை பற்றிய குறிப்பு, விரும்பினால்." அதைப் படித்த கோபத்தில்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இந்தக் கோபம் புரிகிற ஒரே ஆள் நீ.

நாங்கள் இருவரும் அன்யாவின் கூடை பின்னும் வகுப்பில் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? நான் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற புதிது. நீ பிராங்பேர்ட் விமான நிலையச் சமையற்கூடத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி இருபத்தாறு வருடம் வேலைசெய்து அப்போதுதான் விட்டிருந்தாய். அன்யாவுக்கு எங்கள் பிள்ளைகளின் வயது. ஓலைப்பெட்டி இழைத்துப் பழகிய கைகள் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னோம். சொல்லி முடித்த பத்து நிமிடத்தில் நான் மூன்று குச்சிகளை முறித்தேன், நீ ஐந்து. ஓலையை மடித்து இழுத்து இறுக்குவதுபோல வில்லோவையும் இறுக்கிவிட்டோம். குச்சிக்கு அதனதன் வளைவு உண்டு, அது போகிற பக்கம் பார்த்துக் கையைக் கொண்டுபோக வேண்டும் என்று அன்யா சொன்னாள். நீ தமிழில் முணுமுணுத்தாய்: "இவ சொல்லுறது குச்சியைப் பற்றியோ, என்ர மனுசனைப் பற்றியோ?"

சுவரில் அன்யாவின் கூடை ஒன்று தொங்கியது. முட்டை வைக்கவோ விறகு சுமக்கவோ ஆகாத கூடை. ஒரு தோளை உயர்த்தி மறுதோளைத் தாழ்த்தி, நடுவில் ஒரு பெரிய இடைவெளியோடு நின்றது. வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் வட்டக் கூடை கேட்டார்கள். நானும் வட்டம்தான் கேட்டேன். நீ மட்டும் சுவரைக் காட்டி, "எனக்கு உது மாதிரி" என்றாய். ஏன் என்று பிறகு ரயிலில் கேட்டேன்.

"இருபத்தாறு வருசம் தட்டிலை கரண்டி நேர, கத்தி நேர, பாண் நேர. ஒரு விரல் விலகினா மேற்பார்வைக்காரி வந்து நிப்பா. இனி நான் ஒண்டும் நேரா வைக்கமாட்டன்."

உன் முதல் கூடை இடப்பக்கம் சாய்ந்து நின்றது. என் வட்டக் கூடையைப் பார்த்து, "நல்லா இருக்கு, ரீச்சர். பத்துக்குப் பத்து" என்றாய். அது பாராட்டு இல்லை என்று எனக்கு விளங்கியது.

இரண்டு வருடம் கழித்துப் பக்கவாதத்தில் உன் வலப்பக்கம் விழுந்துபோனது. மறுவாழ்வு மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். இனி ஓய்வெடு, கையை வருத்தாதே, கடவுள் இவ்வளவாவது விட்டாரே. நீ எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாய். அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டாய்: "தொட்டியிலை குச்சி போட்டிட்டியோ?"

வீட்டுக்கு வந்ததும் பெரிய கூடை ஒன்று தொடங்கினாய். அடித்தளத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தாய். இடக்கையால் பின்னினாய். கை போதாத இடத்தில் பல்லால் இழுத்தாய். கூடை ஆடாமல் இருக்க மற்றவர்கள் உள்ளே ஒரு கல்லை வைப்போம். நீ உன் வலக்கையைத் தூக்கி உள்ளே போட்டாய். "இப்ப இது கல்லுத்தானே. வேலை செய்யட்டும்." நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்ததால் அழ இடம் கிடைக்கவில்லை.

அடுத்து வருவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

குச்சி காய்ந்துபோகாமல் இருக்க அந்தக் கூடையை என் வீட்டில், ஈரத் துவாயில் சுற்றி வைத்திருந்தோம். மருத்துவர் குறித்துக்கொடுத்த ரேர்மின்களால் நீ வரமுடியாத ஒரு வாரம் அதை அவிழ்த்துப் பார்த்தேன். மூன்று வரிசை தளர்ந்து மேலே எழும்பியிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. அந்த வரிசைகளை உருவி எடுத்துவிட்டு, புதுக் குச்சியால் இறுக்கமாக, நேராகப் பின்னி வைத்தேன். உனக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அன்று தூங்கினேன்.

நீ வந்து கூடையைக் கண்ணால் பார்க்கவில்லை. இடக்கை விரல்களால் தடவினாய். விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

"ஆர் இதிலை கை வைச்சது?"

"மூண்டே மூண்டு வரிசை. தளந்துபோய்க் கிடந்தது. இறுக்கிவிட்டனான்."

"நான் கேட்டனானோ?"

"ஒரு உதவிதானே."

"என்ர கூடை பள்ளிக்கூடக் கொப்பியோ, ரீச்சர், நீ சிவப்பு மையாலை வெட்டித் திருத்த?"

நான் கத்தரியை எடுத்து, "சரி, நானே எடுத்துவிடுறன்" என்றேன். நீ அதை வாங்கிக்கொண்டாய். "இரு. தேத்தண்ணி குடி. பாத்துக்கொண்டிரு." ஒற்றைக் கையால் அந்த மூன்று வரிசையையும் வெட்டி எடுக்க உனக்குப் பின்னேரம் முழுவதும் ஆனது. நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. தேநீர் ஆறிப்போனது. வெட்டிய துண்டுகளை ஒரு இறப்பர் வளையத்தில் கட்டி என் மடியில் போட்டாய். "இந்தா, உன்ர நேர்."

நான் செருகிய குச்சிகளில் ஒன்றை மட்டும் விட்டிருந்தாய். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "இதை ஏன் விட்டனி?" என்று கேட்டேன்.

"அதை எடுத்தா மிச்சமெல்லாம் கழண்டிடும். உன்னிலை இருக்கிற அன்பாலை எண்டு நினையாதை."

ஒரு உதாரணம் சொல்கிறேன். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்று நீ எப்போதும் பகிடி பண்ணுவாய். என் வகுப்பில் ஒரு சிறுமி ‘ழ’வின் வாலை வரிக்கு வெளியே, பட்டத்தின் வால்போல இழுத்து எழுதுவாள். வாசிக்க ஒரு இடைஞ்சலும் இல்லை. ஆனாலும் வாரா வாரம் அதன்மேல் சிவப்பு மையால் என் ‘ழ’வை எழுதினேன். தவணை முடிவில் அவள் கொப்பி முழுக்க என் ‘ழ’தான் இருந்தது. நான் மகிழ்ந்து நட்சத்திரம் போட்டேன். அன்று உன் முன்னால் குளிர்ந்த தேநீரோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுடைய ‘ழ’ எங்கே போயிருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன்.

கூடையை நீ முடித்தாய். அந்த வருடக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். உன் பெயரோடு மண்டபத்தின் நடுவில் அது நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் உனக்கிருந்த ஆசை. திறப்பு நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இரண்டாம் முறை விழுந்தாய். எழும்பவில்லை.

உன் செத்தவீடு முடிந்த அடுத்த கிழமை கண்காட்சிப் பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மென்மையான மனிதர். உன் கூடையை ஜன்னலோரம், முதியோர் பகல்நேர இல்லத்தின் கைவேலைகளோடு வைக்கப்போவதாகச் சொன்னார். "பக்கவாதத்துக்குப் பின் ஒற்றைக் கையால் செய்தது" என்று அட்டையும் எழுதியாகிவிட்டதாம்.

"பெயரும் பொருளும் போதும்" என்றேன்.

"பார்ப்பவர்களின் மனம் உருகும், அம்மையாரே."

"உருக வைக்க அவள் பின்னவில்லை."

"குறிப்பு இல்லாவிட்டால் அந்தச் சாய்வைப் பிழை என்று நினைப்பார்கள்."

"நீங்கள் நடுவில் வைக்கும் அன்யாவின் கூடையும் சாய்கிறது. அவளுக்கு என்ன நோய் என்று எழுதப்போகிறீர்கள்?"

நாளை நேரில் வருகிறேன், நடுவில் இடமில்லையென்றால் கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

முதலில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனுஷன் கதையைக் கேட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த மனிதர், சிரித்துவிட்டார். "ரீச்சரக்கா, அவ இருந்திருந்தா அந்த அட்டையைச் சப்பித் துப்பியிருப்பா. கூட்டிக்கொண்டு போங்கோ." உன் முதல் கூடையைத் தூக்கித் தந்தார். எஸ்-பான் ரயிலில் அதற்கு ஒரு இருக்கை கொடுத்தேன். நின்றுகொண்டிருந்த ஒருவர் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அசையவில்லை.

மண்டபத்தில் இரண்டு கூடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று உன் இரு கைகளும் நன்றாக இருந்தபோது செய்தது. மற்றது ஒற்றைக் கையால் செய்தது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. பொறுப்பாளர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பின்னால் நின்ற அன்யா, "என்னுடையதற்குப் பக்கத்தில் வையுங்கள்" என்றாள். அட்டையைப் பொறுப்பாளரே மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வென்றுவிட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். பிறகு அது என்னை உறுத்தத் தொடங்கியது. உன் முதல் கூடை நேராக இருந்திருந்தால்? அப்போது என் வாதம் விழுந்திருக்குமா? பெரிய கூடையின் சாய்வில் உன் விருப்பம் எவ்வளவு, உன் கை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நல்ல கை உள்ளவர்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. உன்னிடமும் கேட்க விட்டிருக்கக்கூடாது. சாட்சிக்கு ஒரு கூடையை நான் சுமந்துகொண்டு போயிருக்கவே தேவையில்லை. அதை இந்தக் கடிதத்தில் திருத்திக்கொள்கிறேன்.

இப்போது என் விரல் மூட்டுகளும் வீங்கிவிட்டன. காலையில் விரல் மடங்காது. போன மாதம் தொடங்கிய கூடை வலப்பக்கம் சரிகிறது, நான் எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. பேனாத் தாங்கியில் உன் இறப்பர் வளையத்தோடு என் நேர்த் துண்டுகள் நிற்கின்றன. எதையாவது திருத்தக் கை எழும்பும்போதெல்லாம் அவை கண்ணில் படுகின்றன.

அவற்றுக்கு நடுவில்தான் பழைய சிவப்புப் பேனாவும் இருக்கிறது. எழுதுமோ என்று சந்தேகமாக இருந்தது. எழுதுகிறது. விண்ணப்பத்தின் அந்தப் புதுக் கட்டத்தின் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு, ஒரு கோடு இழுத்துவிட்டேன். விரல் வீங்கியிருந்ததால் கோடு கோணலாகத்தான் வந்தது. அப்படியே தபாலில் போடப்போகிறேன்.